குறைந்தது என்று ஒரு வார்த்தை

எங்கள் ஊரில் புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கூத்து நடக்கும். அந்த வாரம் டாக்டரிடம் போய் உடம்பில் எதையாவது வெட்டிக்கொண்டு வந்தவன் எல்லோர் முன்னாலும் தையலைக் காட்ட வேண்டும். யாருக்குத் தையல் அதிகமோ அவனுக்கு அன்றைக்குப் பீர் இலவசம். மூக்கில் ஒட்டுப் போட்டவன், காது நுனி இல்லாதவன், வழுக்கையில் தொடைத் தோலை எடுத்து ஒட்டிக்கொண்டவன் என்று எங்கள் கிளப்பில் முழுசாக இருக்கும் ஆம்பளையே அபூர்வம். பண்டபெர்க் பக்கத்துக் கரும்புக் காட்டில் வெயிலைத் தின்று வளர்ந்த வெள்ளைத் தோல் வேறு எப்படி இருக்கும்?

அந்த வெள்ளிக்கிழமை ஜெயித்தது என் புருஷன் ராய்ஸ். வலது முன்கைக் கட்டை அவிழ்த்து, கையை மேஜைமேல் நீட்டி வைத்தான்.

"டேய், என்னடா இது, மாட்டுக்குத் தையல் போட்ட மாதிரி இருக்கு?" என்றான் நெவில்.

"டாக்டரம்மாவுக்கு உன்மேல என்ன கோவமோ தெரியல" என்றான் இன்னொருவன்.

"பேசாம பீரை வாங்குடா. பொறாமை புடிச்சவன்" என்றான் ராய்ஸ்.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? ராய்ஸ் மில்லின் கரும்பு ரயிலில் எஞ்சின் டிரைவர். வாலிபத்திலிருந்து அந்த வலது கை ஜன்னலுக்கு வெளியேதான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதில் வருஷத்துக்கு ஒரு தோல் புற்றாவது முளைக்கும். டாக்டர் பனி மாதிரி எதையோ பீய்ச்சிச் சுடுவார், இல்லை வெட்டுவார். முடி வெட்டிக்கொண்டு வந்த மாதிரி வந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவான். இந்தத் தடவை வெட்டியது மட்டும் கொஞ்சம் கறுப்பு.

"லேபுக்கு அனுப்பிருக்காங்களா?" என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன்.

"எப்பவும் அனுப்பறதுதானே. எல்லாம் சரியாயிடும், நோல்."

என் பெயர் நோலீன். கல்யாண கவுன், பள்ளிக்கூடச் சீருடை, கிளப் ஆட்களின் வெள்ளைக் கால்சட்டை எல்லாம் தைத்துக் கொடுக்கிறவள். நூல் முனையை முடிச்சுப் போடாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. ராய்ஸ் அதற்கு நேர் எதிர். பட்டன் அறுந்தால் பின் குத்திக்கொண்டு போகிற ஆள்.

அடுத்த வியாழக்கிழமை கிளினிக்கிலிருந்து போன் வந்தது. செவ்வாய்க்கிழமை டாக்டர் ஃபென்விக்கைப் பார்க்க வரவேண்டும் என்றாள் வரவேற்பில் இருக்கும் பெண். சரி என்று வைக்கப் போனேன்.

"ரெண்டு பேருமே வாங்க, நோலீன். நீண்ட நேரம் ஒதுக்கியிருக்கோம்."

நல்ல சேதி சொல்ல யாரும் நீண்ட நேரம் ஒதுக்குவதில்லை.

செவ்வாய்வரை பொறுக்க என்னால் முடியவில்லை. ராய்ஸின் போனில் மருத்துவ விவரங்கள் வரும் இடத்தைத் திறந்தால் லேப் முடிவு அங்கே ஏற்கெனவே வந்திருந்தது. முதல் வரியிலேயே மெலனோமா. அந்த வார்த்தை எங்களுக்குத் தெரியும். அது மற்றத் தோல் புற்றுகளைப் போல அல்ல. மற்றவை இருந்த இடத்தில் அரித்துக்கொண்டு கிடக்கும், இது பயணம் போகும். நெவிலின் தம்பி அதில்தான் செத்தான்.

மிச்ச வார்த்தைகள் ஒன்றும் விளங்கவில்லை. கண்ணில் பட்ட ஒரே நல்ல வரி, விளிம்புகளில் கட்டி இல்லை என்பது. அது என் பாஷை. தையலுக்கு ஓரத்தில் துணி விடுவோமே, அது சுத்தமாக இருக்கிறதாம். அப்படியானால் முழுசாக எடுத்தாயிற்று, கதை முடிந்தது என்று நாற்காலியில் சாய்ந்தேன். சாய்ந்தவள் அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. புற்றுநோய் அமைப்புகள் போட்டிருக்கும் பக்கங்களைத் தேடி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். விளிம்பு சுத்தம் என்றால் வெட்டிய துண்டைச் சுற்றிலும் ஒன்றும் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். வெட்டுவதற்கு முன்னாலேயே ஏதாவது கிளம்பிப் போயிருந்தால் அதைப் பற்றி விளிம்புக்கு என்ன தெரியும்?

அதைச் சொல்வது இரண்டு விஷயங்கள். ஒன்று தடிமன். தோலின் மேல்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. ப்ரெஸ்லோ என்று அதற்கு ஒரு டாக்டரின் பெயரை வைத்திருக்கிறார்கள். ராய்ஸுக்குப் போட்டிருந்தது குறைந்தது ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். ஜீன்ஸ் தைக்கிற ஊசி அவ்வளவு இருக்கும். அவ்வளவுதானே என்று தோன்றியது. பிறகுதான் படித்தேன், தோலில் ஒரு மில்லிமீட்டர் என்பதே பெரிய தூரம். அதோடு, அளந்தவர்கள் எதற்கு ‘குறைந்தது’ என்று போடுகிறார்கள்? துணியை அளந்து தரச் சொன்னால் நான் குறைந்தது ஒரு கஜம் என்றா சொல்வேன்?

இரண்டாவது, புண். கட்டியின் மேல்தோல் தானாகவே உடைந்து புண்ணாகியிருந்தால் அதற்கு வீரியம் அதிகம் என்று அர்த்தமாம். அதே தடிமன் இருந்தாலும் புண் இருந்தால் ஒரு படி மோசம். ராய்ஸின் முடிவில் புண் உண்டு என்று போட்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் அவன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். விளிம்பு, தடிமன், புண் மூன்றையும் சொன்னேன். எத்தனை பேர் பிழைக்கிறார்கள், எந்த நிலைக்கு எவ்வளவு வருஷம் என்று போட்டிருந்த பக்கங்களைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்? ஒருத்தர் பயப்படுவது போதாதா?

ராய்ஸ் தலையாட்டினான். "ஊசி மொத்தம்தானே? அதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"ராய்ஸ், அது எப்பவாவது உடைஞ்சு ரத்தம் வந்துச்சா?"

"ஞாபகம் இல்ல."

"என்ன ஞாபகம் இல்ல? உன் கைதானே, பக்கத்து வீட்டுக்காரன் கையா?"

"லீவர்ல இடிச்சிருக்கும். விடேன்."

பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பொய் சொல்லும்போது அவன் பார்வை கீழேதான் போகும். அன்று அவன் ஷேவ் செய்ய நின்றபோது பின்னால் போய்க் கட்டிப்பிடிப்பது போல அவன் வலது அக்குளில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். கையில் இருந்து கிளம்பினால் முதலில் அங்கேதான் நெறி கட்டும் என்று படித்திருந்தேன். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. எலும்பையே கட்டி என்று நினைத்து ஒரு தடவை செத்துப் பிழைத்தேன்.

"என்ன நோல், இந்த வயசுல கிச்சுக்கிச்சு மூட்டுற?" என்று சோப்பு நுரையோடு சிரித்தான்.

அவனை அப்படியே அறைய வேண்டும் போல இருந்தது.

ஞாயிறு மதியச் சாப்பாடு எப்போதும் அவன் அக்கா மெர்ல் வீட்டில். ஆட்டுத்தொடையை அடுப்பில் வைத்துவிட்டுப் பூசணி ஸ்கோன் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் மூக்கின் பக்கவாட்டில் ஒரு காய்ந்த பொருக்கு. டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன்.

"டாக்டர் எதுக்கு? என் தொட்டியில இருக்காரே டாக்டர்."

பின்கட்டில் வரிசையாகத் தொட்டிகள். ரேடியம் களை என்று இந்தப் பக்கம் சொல்லும் பச்சைச் செடி. குளிர்காலத்தில், எங்களுக்கு அது ஜூன் ஜூலை, தோட்டமெங்கும் தானாக முளைக்கும், கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். வெயிலால் தோலில் வந்த புள்ளிமேல் அந்தப் பாலைத் தடவினால் பொசுங்கி, பொருக்குத் தட்டி, உதிர்ந்துபோகும். மெர்லுடைய அம்மா காலத்திலிருந்து நடக்கிறது. மற்றவர்கள் களை என்று பிடுங்கி எறிவதை மெர்ல் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறாள்.

"ராய்ஸுக்கும் ஒரு கொத்து கொடுத்தேனே, ஜூலைல. எவ்வளவு அழகா உதிர்ந்துச்சு! மறுபடி எதுக்கு வெட்டிக்கிட்டான்னுதான் எனக்குப் புரியல" என்றாள்.

உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு ராய்ஸைப் பார்த்தேன். அவன் சன்னல் வழியாகக் கரும்புக் காட்டைப் பார்த்தான்.

வண்டியில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"லீவர்ல இடிச்சுதா?"

"நோல்..."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"எப்படி சொல்லுவேன்? போன வருஷம் அவங்க கிளப்புக்கு வந்து, இந்தப் பாலை மட்டும் தொடாதீங்கன்னு அவ்வளவு நேரம் பேசினாங்க. முன்வரிசையில உக்காந்து கை தட்டினவன் நான். இப்பப் போய் நான்தான் அந்த முட்டாள்னு சொல்லச் சொல்றியா?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் கோபத்துக்குள்ளேயே ஒன்று பளிச்சென்று பட்டது. புண். கட்டி தானாக உடைந்தால்தானே மோசம்? பால் பொசுக்கியதால் வந்த புண்ணாக இருந்தால்? அப்படியானால் அந்த ஒரு படி குறையுமே!

"ராய்ஸ், நிறுத்து வண்டிய."

ஓரம் கட்டினான். நான் சொன்னேன். நீ சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும், சொல்லாவிட்டால் இல்லாத மோசத்தை உன் தலையில் கட்டுவார்கள் என்றேன். அவன் முகத்தில் அந்த வாரத்தில் முதல் தடவையாக நிஜமான சிரிப்பு வந்தது.

"அப்போ அந்தக் களை எனக்கு நல்லதுதான் பண்ணிருக்கு!"

"அதிகம் பேசாத."

ஆனால் செவ்வாய்வரை நானும் அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கினேன்.

டாக்டர் ஃபென்விக் எங்கள் மகள் வயதுக்காரர். நாங்கள் உட்கார்ந்ததும் தண்ணீர் ஊற்றி வைத்தார். அவர் ஆரம்பிப்பதற்குள் ராய்ஸின் முழங்காலை இடித்தேன்.

"டாக்டர், நான் ஒண்ணு சொல்லணும்" என்றான் தொப்பியைத் திருகிக்கொண்டே. "ரேடியம் களை போட்டேன்."

அவர் திட்டவில்லை. நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். "எப்ப போட்டீங்க?"

"ஜூலைல." தொப்பி ஒரு சுற்றுச் சுற்றியது. "அதுக்கு முந்தின குளிர்காலத்துலயும் ஒரு தடவை. அதே இடத்துல."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். முந்தின குளிர்காலமா? இதை மெர்ல்கூடச் சொல்லவில்லை.

"சொன்னதுக்கு ரொம்ப நன்றி ராய்ஸ். நிஜமாவே" என்றார் டாக்டர். "லேப்ல மறுபடி பார்க்கச் சொல்றேன்."

"புண்ணு கட்டியோடது இல்லதானே?" என்று அவசரமாகக் கேட்டேன். "பாலாலதான் வந்திருக்கும், இல்லையா? ஒரு படி குறையுமே?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"குறையலாம் நோலீன். ஆனா இன்னொண்ணு இருக்கு. ராய்ஸ், அந்தப் பொருக்கு உதிர்ந்துச்சே, அது எங்க?"

"எங்கன்னா? எஞ்சின் ஜன்னல் வழியா சுண்டி விட்டுட்டேன்."

"அதுலயும் மெலனோமா இருந்திருக்கலாம். மேல்பக்கம் பொசுங்கிப் போயிருக்கு. மிச்சம் இருந்ததைத்தான் லேப்ல அளந்தாங்க. எதனால மேல்பகுதி போச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. அதான் குறைந்ததுன்னு போட்டாங்க. நிஜமான தடிமன் இன்னும் அதிகமா இருந்திருக்கலாம். எவ்வளவுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

மேல்பாகத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டு மிச்சத் துணியை அளந்திருக்கிறார்கள். நான் பிடித்துத் தொங்கிய நூலை எங்கள் வீட்டுக் கையே அறுத்திருக்கிறது. மெர்ல்மேல், அந்தத் தொட்டிகள்மேல், கை தட்டிய இந்த முட்டாள்மேல் வந்த ஆத்திரத்தில் எனக்குக் கண் இருட்டியது. பயம் அதற்கும் மேலே இருந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்றான் ராய்ஸ்.

"ரெண்டு வேலை. பழைய வெட்டைச் சுத்தி இன்னும் அகலமா வெட்டணும். அப்புறம், கையிலேருந்து வடியற நிணநீர் அக்குள்ல முதல்ல எந்த முடிச்சுக்குப் போகுதோ, அதைக் கண்டுபிடிச்சு எடுத்துப் பார்க்கணும். காவல் முடிச்சுன்னு பேரு. ஏதாவது கிளம்பியிருந்தா முதல்ல அங்கதான் சிக்கும்."

"கையால தடவிப் பார்த்தா தெரியாதா?" என்று கேட்டேன்.

"மைக்ராஸ்கோப்புக்கு மட்டும் தெரியற அளவுல இருந்தா, தடவினா தெரியாது."

என் விரல்களை மடியில் மறைத்துக்கொண்டேன்.

பிரிஸ்பேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெட்டுக்கு முன்னால் கையில் நீலச் சாயத்தை ஏற்றி, அது ஓடும் வழியைப் பார்த்து முடிச்சைப் பிடித்தார்கள். மறுநாள் கழிப்பறையிலிருந்து ராய்ஸ் கத்தினான்.

"நோல்! ஓடி வா! பச்சையா வருது!"

அந்தச் சாயம்தான் மூத்திரத்தில் பச்சையாக இறங்கியிருந்தது, வார்டு முழுக்கச் சிரித்தது. படம் எடுத்து நெவிலுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டான். அனுப்பினால் விவாகரத்து என்றேன். நர்ஸ்கள் எல்லாரும் அவனுக்கு ரசிகைகள் ஆகிவிட்டார்கள். எதற்கும் அசையாத மனுஷன் என்றார்கள். அசையாத மனுஷனா, அறியாத மனுஷனா என்று எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்தபிறகும் நான் வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். நல்லதாக இருந்தால் சொன்னேன். கெட்டதாக இருந்தால் பாதி சொன்னேன். முடிச்சுக்குப் பரவியிருந்தால் அது மூன்றாம் நிலை, அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

காத்திருந்த நாட்களில் எந்தக் கவுனும் சரியாக வரவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு கையையும் இடது பக்கத்துக்கே வெட்டிவிட்டேன்.

போன் வந்தபோது நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காட்டில் அறுவடைக்கு முன்னால் கரும்புத் தோகையை எரித்திருந்தார்கள், வெள்ளைத் துணியெல்லாம் கறுப்புச் சாம்பல். ராய்ஸ் படியில் தேநீரோடு உட்கார்ந்திருந்தான்.

"நோலீன், நாளைக்கு ரெண்டு பேரும் வர முடியுமா?" டாக்டர் ஃபென்விக்.

"இப்பவே சொல்லிடுங்க."

"நேர்ல பேசினா..."

"டாக்டர், தயவு செஞ்சு."

"காவல் முடிச்சுல செல்கள் இருக்கு. ரொம்பச் சின்ன அளவுதான். ஒரு முடிச்சுல மட்டும்."

எனக்கு அத்தனையும் புரிந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அப்படி என்றால் என்ன என்று கேட்டிருப்பேன். அந்தக் கேள்வி கேட்கும் நேரத்துக்காவது ஒன்றும் தெரியாமல் இருந்திருப்பேன். இப்போது அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று என்ற எண் என் முன்னால் வந்து நின்றுவிட்டது. போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ராய்ஸிடம் திரும்பினேன்.

"ஒரு முடிச்சுல கொஞ்சூண்டு இருக்காம். ரொம்பச் சின்னதாம். மருந்து இருக்கு, ராய்ஸ். நல்ல மருந்தெல்லாம் வந்திருக்கு."

அவன் தேநீரைக் கீழே வைத்தான். கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டான்.

"டாக்டர், ராய்ஸ் பேசறேன். அப்போ இது மூணு ஏ-வா, மூணு பி-யா?"

மூன்றாம் நிலைக்குள்ளேயே ஏ, பி, சி என்று மோசம் ஏறிக்கொண்டு போகும் என்பதை நான் அவனிடம் சொன்னதே இல்லை. அவன் ஸ்பீக்கரை அழுத்தினான்.

"அது அந்தப் புண்ணைப் பொறுத்தது ராய்ஸ்" என்றது டாக்டர் குரல். "லேப்ல ரெண்டு பேர் மறுபடி பார்த்தாங்க. பால் போட்டதால, புண்ணு எதனால வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியலைன்னாங்க. பி-ன்னு வச்சுக்கிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்கணும்."

"தடிமன் தெரியாததால சி-யாகூட இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார் அவர் மெதுவாக.

"சரி. ஸ்கேனுக்கு நாள் குறிங்க. நாளைக்கு வர்றோம்."

போனை அணைத்து என் கையில் கொடுத்தான்.

"எப்ப படிச்ச?" என்றேன்.

"நீ படிச்ச அன்னிக்கே. என் போன்லதானே படிச்ச, பக்கத்தை மூடாம வச்சுட்டே. அப்புறம் தினம் படிச்சேன். போன் சிக்னல் கிடைக்கிற இடத்துல வண்டிய நிறுத்தி நிறுத்தி."

"பின்ன நான் சொன்னப்பல்லாம் மண்டைய மண்டைய ஆட்டினியே!"

"நீ எதைச் சொல்லாம விடுறன்னு பார்த்துட்டிருந்தேன். நீ எதை விடுறியோ அதுதான் மோசம்னு புரிஞ்சுக்குவேன்."

"எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ என்கிட்ட பேசறதை நிறுத்திட்டு உள்ளேயே வச்சுக்குவ. நீ அதைப் பேசிட்டே இருக்கறதுதான் எனக்குத் தைரியமா இருந்துச்சு." அவன் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான். "பயமா இருக்கு நோல். ரொம்பப் பயமா இருக்கு."

எங்கள் ஊர் ஆம்பளை ஒருவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பல் எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்துகொண்டிருந்தது, தட்டிவிடத் தோன்றவில்லை.

"எனக்கும்தான்" என்றேன்.

"முதல்லேருந்து சொல்லு. இந்தத் தடவை எதையும் விடாத."

மூன்றாம் நிலை என்றால் என்ன, அதில் பி என்றால் என்ன, சி என்றால் என்ன, எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று, அவனுக்கு முன்பே தெரிந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னேன், அவன் திருத்தினான்.